பாதி மயிலும் ஒரு பேனா பிளாட்டரும்

மயில் கழுத்து வரை ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் பேனா, காகிதத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கோடு கிழித்தது. கிழித்துக்கொண்டே இருந்தது. நடந்த தவறு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்ட பேச்சு.

பிளாட்டர் ரிப்பேர் என்பது, மெஷின் ஒரு பங்கு கெட்டிருந்தால் சுற்றி நிற்கிறவர்கள் மூன்று பங்கு கெடுத்துவைத்திருக்கும் தொழில். கிண்டியில் ஒரு கம்பெனியில் ஆயுள் முழுக்க அதைத்தான் பார்த்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிண்டர் மையைத் தெளிக்கும். பிளாட்டர் நிஜப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே கோடு போடும். கட்டட வரைபடமெல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் வந்தது. பிறகு பெரிய பிரிண்டர்கள் வந்தன. பிளாட்டருக்கும் வேலை போயிற்று, எனக்கும் வயது போயிற்று. மந்தைவெளியில் சும்மா இருந்தேன்.

பரணில் பழைய ஸ்கேனரும், மேஜை இழுப்பறையில் எதற்கென்றே தெரியாத ஒயர்களும் வைத்துக்கொண்டு, தூக்கிப்போட மனசு வராமல் கிடக்கும் சக பாவிகளே, இது உங்களுக்கு. மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பலாம்.

வேறு ஆள் இல்லை

வீட்டு லேண்ட்லைன் அடித்தது. அது அடித்தால் ராங் நம்பர்தான் என்பது என் அனுபவம். எடுத்தால் ஒரு பெண் குரல், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. பெயர் சுமதி. தி.நகரில் பாண்டி பஜார் பின்னால் ஆரி வேலை ரவிக்கைக் கடை. பழைய பிளாட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும், அதன் முதுகில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரில் என் பெயரும் நம்பரும் இருந்தன. இதெல்லாம் ஒரே மூச்சில்.

ரவிக்கைக்கும் பிளாட்டருக்கும் என்ன சம்பந்தம் என்றேன். சொன்னாள். ஆரி வேலையில் படத்தை முதலில் பட்டர் பேப்பரில் வரைய வேண்டும். கோட்டின் மேல் ஊசியால் வரிசையாக ஓட்டை போட வேண்டும். துணி மேல் வைத்துப் பொடி தேய்த்தால் படம் துணியில் இறங்கும். அதற்கப்புறம்தான் மணியும் ஜரிகையும். அவள் கடையில் படம் வரைந்துகொண்டிருந்த ஆள், சீசன் நேரம் பார்த்து, எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டான். சுமதி கம்ப்யூட்டரில் நன்றாகவே வரைவாள். காகிதத்தில் வராது. கையில் இருப்பது ஒரு மயிலாப்பூர் கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ரவிக்கை. முதுகில் தோகை விரித்த மயில். அது சொதப்பினால் அந்த வீட்டுச் சொந்தம் மொத்தமும் எதிர்க்கடைக்குப் போகும். இந்த சீசன் தேறாவிட்டால் கடையை மூடு என்று மாமனார் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

எனக்கு வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பாரம்மா என்றேன்.

“வேற ஆளெல்லாம் செத்துட்டாவளாம் அண்ணாச்சி. விசாரிச்சுட்டுத்தான் உங்களக் கூப்பிடுதேன்.”

வாங்கி வந்தவர்

தி.நகர் கடைக்குப் போனேன். பிளாட்டரை வாங்கியது அவள் கணவர் சேகர். மேற்கு மாம்பலத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். எங்கே எந்த ஆபீஸை மூடினாலும் போய் நிற்கிறவர். அடையாறில் ஒரு கட்டட வரைபட ஆபீஸை மூடும்போது இது கண்ணில் பட்டிருக்கிறது. “கோடு போடற மெஷின் சார். பார்த்ததுமே இவளுக்கு ஆகும்னு தோணிச்சு” என்றார். எழுந்து நின்று சொன்னார்.

சும்மா ஒரு பிரிண்டர் வாங்கியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். மேஜையடியில் கிடந்த காகிதங்களைப் பார்த்து மூடிக்கொண்டேன். லேசர் பிரிண்டரில் விட்ட பட்டர் பேப்பர் சூட்டில் அப்பளமாகச் சுருண்டிருந்தது. இன்க் பிரிண்டரில் விட்டதில் மை காயவில்லை. தொட்டவர்கள் கையெல்லாம் நீலம். ஆக, மனிதர் வாங்கி வந்தது சரியான சாமான்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நிறைய சந்தோஷமாக இருந்தார்.

மெஷினோடு வந்த கேபிள் எங்கே என்றேன். அந்தக் கேபிள் சாதாரணமாகக் கிடைக்காது. அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

“ஒயர் இருந்துச்சு சார். ரொம்பப் பழசா இருந்துச்சேன்னு அங்கயே போட்டுட்டு வந்துட்டேன்.”

சந்தனம்

கேபிள் வருவதற்குள் மெஷினுக்கு உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று கரன்ட் கொடுத்தேன். கர்ரென்று ஒரு சத்தம். பேனா பிடிக்கும் கை ஒரு தடவை போய்வந்து நின்றது. நல்ல சகுனம். காகிதத்தைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றது. திரும்பக் கொடுத்தேன். மாட்டேன் என்றது. காகிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க முன்பக்கம், மூடிக்குக் கீழே, குட்டியாக ஒரு கண்ணாடிக் கண் உண்டு. அது குருடாகியிருக்க வேண்டும்.

மூடியைத் தூக்கினேன். கடையின் ஆரி மாஸ்டர் ஜப்பார் பாய், சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த துணியை விட்டுவிட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் காரை மாதிரி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டினேன். மஞ்சளுக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே திரும்ப மஞ்சள். அடையாறு ஆபீஸில் வருஷா வருஷம் ஆயுத பூஜை தவறாமல் நடந்திருக்கிறது. மூடியைத் தூக்கியதும் வழவழவென்று வசதியாக ஒரு வட்டம் தெரிந்ததால், சந்தனமும் குங்குமமும் அதன் மேலேயே. இந்த மெஷின் ஏன் ஓடவில்லை என்று எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருப்பார்கள்.

பாய் உச்சுக்கொட்டினார்.

“நெத்தி எங்க கீதுன்னு தெரியாம கண்ணுல பொட்டு வெச்சிட்டானுங்கோ சார்.”

நேரா, குறுக்கா?

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நானே போனேன். சேகரை அனுப்பினால் வேறு எதையாவது வாங்கிக்கொண்டு வருவார். இன்றைய கம்ப்யூட்டரில் அந்தக் காலத்துத் துளை கிடையாது, யு.எஸ்.பி.யில் செருகி அந்தப் பக்கம் பழைய முனை தரும் ஒரு மாற்றி வேண்டும். அது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. மாற்றிக்கும் பிளாட்டருக்கும் நடுவே போகிற இருபத்தைந்து ஊசிக் கேபிள்தான் வம்பு. கடை கடையாகக் கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு சந்துக் கடையில் மட்டும் அட்டைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்து, தூசி தட்டிக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. கேபிள் நேராகப் போனால், கம்ப்யூட்டர் பேசுகிற கம்பியிலேயே பிளாட்டரும் பேசும். கேட்கிற கம்பியில் இரண்டும் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் போக, உள்ளே கம்பியைக் குறுக்காக மாற்றிப் பற்றவைத்திருக்க வேண்டும். கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆகவே கடைக்காரரிடம் கேட்டேன், இது நேரா, குறுக்கா?

அவர் டீயைக் கீழே வைக்கவில்லை.

“ஒயர்னா ஒயர்தான் பெருசு. உள்ள பூந்து யாரு பாத்துக்கினு கீறாங்க?”

நூல் சுற்றிய பேனா

உள்ளே பூந்து நான் பார்த்தேன். நேர்தான். வெட்டி, மாற்றிப் பற்றவைத்தேன். சுமதி கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பிளாட்டர் பாஷை பேசும் மென்பொருளை ஏற்கெனவே தேடி எடுத்து வைத்திருந்தாள். இலவசமாம். ஒரு நேர்கோடு போடச் சொல்லி அனுப்பினாள். பிளாட்டரின் கை கிளம்பியது, பேனாவை எடுத்தது, காகிதத்தில் இறக்கியது, இழுத்தது. எல்லாம் கச்சிதம். காகிதத்தில்தான் ஒன்றுமில்லை. பேனாக்கள் காய்ந்து கல்லாகி யுகமாகியிருந்தது.

அந்தப் பேனா இப்போது எங்கும் கிடையாது. சாதாரண பால்பாயின்ட் ரீஃபிலை வைத்துப் பார்த்தேன். பிடியில் லொடலொடவென்று ஆடியது. டேப் சுற்றினேன், வழுக்கியது. அதற்கொரு பிசின், இதற்கொரு வளையம் என்று நான் பெரிய யோசனையில் இருக்கும்போது, சுமதி ரீஃபிலை என் கையிலிருந்து பிடுங்கி, ஆரி நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். பூ கட்டுகிற வேகம். மாட்டினால் இறுக்கமாக நின்றது. திரும்ப அனுப்பினாள். சரசரவென்று நீலமாக ஒரு கோடு, ரூலர் வைத்த மாதிரி. சேகர் கை தட்டினார். தையல்காரர்களும் தட்டினார்கள். எனக்கும் முகத்தில் ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

“பாய், இங்க பாருங்க. அண்ணாச்சிக்குப் பல்லு இருக்கு!”

வலை

மயிலை அனுப்புகிற அன்று மாமி வந்துவிட்டார். கல்யாணப் பெண்ணின் அம்மா. மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில், எதிர்க்கடை வழியாக. வரும் வழியில் அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்ததை மறைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பிளாட்டருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சுமதி சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பட்டனைத் தட்டினாள்.

கொண்டை வந்தது. அலகு வந்தது. கண். கழுத்து வளைவு எவ்வளவு அழகாக வந்தது என்றால், பாய் “மாஷா அல்லா” என்றார். அதோடு சரி. நான் முதலிலேயே சொன்னேனே, அந்தக் கூத்து. மூலைக்கு மூலை கோடு. நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் மயில் மேல் இன்னும் நாலைந்து கோடு விழுந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கடகடவென்று ஒப்பிக்கிறது. பிளாட்டர் ஒவ்வொரு கோடாக நிதானமாகப் போடுகிறது. அதன் ஞாபகசக்தி கொஞ்சம்தான். நிரம்பி வழிந்ததும் நடுவில் பாதி வார்த்தை தவறிப்போகிறது. மீதியை வைத்துக்கொண்டு தனக்குத் தோன்றிய இடத்துக்குப் போகிறது. “நிறுத்து, நான் முடித்துக்கொள்கிறேன்” என்று பிளாட்டர் சொல்வதற்கு ஒரு வழி உண்டு. நடுவில் இருக்கும் அந்த மாற்றி அதைக் காதில் வாங்குவதில்லை.

இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். நான் பொதுவாக இவ்வளவு பேசுவதில்லை. மாமி காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நான் மயில் கேட்டேன் சார். இது மயிலைப் பிடிக்க வலை போட்டாப்ல இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். அப்பவும் இப்படித்தான்னா, துணியை எடுத்துண்டு எதிர்த்தாப்ல கொடுத்துடுவேன். எங்காத்துல கல்யாணம் நெருங்கிண்டிருக்கு, எனக்கு வலைக்கு நேரமில்லை.”

போனில் வைத்தியம்

வேறு மாற்றி வாங்கி மாட்டினேன். அதே வலை. கேபிளில் இன்னும் ஒரு கம்பி சேர்த்தேன். வலை கொஞ்சம் தள்ளி விழுந்தது. கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. கம்ப்யூட்டர் மெதுவாகப் பேச வேண்டும். பிளாட்டர் சாவகாசமாகக் கேட்டுப் போடும் அளவுக்கு மெதுவாக. அதற்கு இரண்டு பக்கமும் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிளாட்டரின் முதுகில் பொடிப் பொடியாகச் சுவிட்சுகள் உண்டு, வேகம் அதில்தான்.

இது எனக்குத் தோன்றியது வெள்ளிக்கிழமை காலை. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. போனில் சுமதியைப் பிடித்தேன். எந்தச் சுவிட்சை மேலே, எதைக் கீழே என்று சொன்னேன். ஊசியால் தள்ளினாள். கம்ப்யூட்டரிலும் மாற்றினாள். “இப்ப மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. உயிர் வர்றப்பதான் அது அந்தச் சுவிட்சைப் பார்க்கும், இல்லாட்டி பழைய வேகத்துலயே நிக்கும்” என்றேன். டக் டக்கென்று சுவிட்சு சத்தம் எனக்கே கேட்டது. பண்ணிட்டேன் என்றாள். அனுப்பு என்றேன். அனுப்பினாள். வலைகூட வரவில்லை. கை அசையவே இல்லை. இன்னொரு தரம் ஆஃப் பண்ணு என்றேன். டக் டக். ஒன்றுமில்லை. இன்னொரு தரம். ஒன்றுமில்லை.

வேகம் மாற்றியும் அசையவில்லை என்றால் எனக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். போர்டு போச்சு, இனி இது தேறாது என்றேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் குரல் வந்தது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சின்னக் குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா போச்சுன்னு சொல்லாதிய அண்ணாச்சி.”

வெள்ளிக்கிழமை மத்தியானம்

வீட்டில் உட்கார முடியவில்லை. கரன்ட் சோதிக்கும் மீட்டரையும் பற்றவைக்கும் கோலையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். நந்தனம் சிக்னலில் தண்ணீர். ஆட்டோக்காரர் நிதானமாக இருந்தார், நான் இல்லை. போய்ச் சேரும்போது மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரவிக்கைத் துணி வைத்த பை. போச்சு, எடுத்தாகிவிட்டது என்று நினைத்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பிளாட்டரைச் சுற்றி நின்றார்கள். கும்பலை விலக்கிப் போனால், மயில் கழுத்தைத் தாண்டி, உடம்பைத் தாண்டி, தோகையில் இருந்தது. ஒவ்வொரு கண்ணாகப் போட்டுக்கொண்டிருந்தது. மாட்டுவண்டி வேகம். ஒரு கோடு தப்பில்லை.

என்னய்யா ஆச்சு என்றேன். பாய்தான் சொன்னார். “ஓனரம்மா வூட்டுக்காரர் வந்தாரு சார். ஃபோன்ல சார்ஜ் இல்லன்னாரு. கடைல எல்லா பாயின்ட்லயும் மெஷின் ஓடிக்கினு கீது. சும்மா கெடக்குறது இந்தப் பெட்டிதானன்னு இத்தப் புடுங்கிட்டு சார்ஜர சொருவுனாரு. அம்மா போட்டாங்க பாரு ஒரு சத்தம்! பயந்துட்டு இத்தத் திரும்ப சொருவுனாரு. கர்ருன்னுச்சு. சும்மா அனுப்பிப் பாத்தாங்க. வந்துக்கினே கீது சார்.”

நான் சுமதியைப் பார்த்தேன். காலையில் மூன்று தரம் ஆஃப் பண்ணினேன் என்றாயே?

“மெஷினத்தான சொன்னிய?” என்று அவள் தையல் மெஷின்களைக் காட்டினாள். “அத்தன மெஷினையும் மூணு தரம் ஆஃப் பண்ணிப் போட்டேன். தைக்கிறவங்க எல்லாம் எனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டுன்னு பாத்தாவ. இது பெட்டில்லா அண்ணாச்சி!”

தையல் கடையில் மெஷின் என்றால் ஒன்றுதான். இத்தனை நாள் அங்கே போய்வந்தும் அது என் காதில் ஏறவில்லை. சிரிக்கலாமா கத்தலாமா என்று தீர்மானிப்பதற்குள் பேனா நின்றது. சுமதி காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் மாமியிடம் கொடுத்தாள். மாமி கண்ணாடியைச் சரிசெய்து, கொண்டையிலிருந்து தோகை நுனி வரை விரலை ஓட்டிப் பார்த்தார். தோகை இன்னும் சித்த விரிந்திருக்கலாம் என்றார். இதுக்கு மேல விரிஞ்சா பொண்ணு கைய தூக்க முடியாது மாமி என்றார் பாய். மாமி யோசித்தார். மடியிலிருந்த துணிப்பையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“சரி, ஆரம்பிங்கோ. என் நாத்தனார் பொண்ணுக்கும் ஒண்ணு வேணும், ஆனா மயில் வேண்டாம். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆயிடும். அன்னம் போட்டுடுங்கோ.”

சுமதி அடுத்த காகிதத்தை எடுக்க ஓடினாள். ஆயுள் முழுக்கப் பிளாட்டரோடு மல்லுக்கட்டிய நான் மீட்டரோடு வந்து மீட்டரோடு திரும்பிவிட்டேன் என்பதால், அதைச் சரிசெய்தது யார் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான்: போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடிய சேகர்.